கணக்கேட்டினிடம் கேள்வி கேட்கும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

ஊராட்சிக்கு உயிர்நாடி கணக்கு என்பதை நாம் யாவரும் அறிவோம். வரி வசூலானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை குடிநீர்க் குழாய்கள் உள்ளன என்னும் விவரங்கள் கைவசம் இல்லாத ஊராட்சி, இருட்டில் வழி நடப்பவனை ஒக்கும். இக்காலத்தில் ஊராட்சி அலுவலகங்களிலே கணினி வந்துவிட்டது. ஆயினும், கணினியில் கணக்கை எழுதி வைத்தால் மட்டும் போதாது. வேண்டியபோது வேண்டியதை அதனிடம் கேட்டுப் பெறவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முறையை எளிய அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடங்கலும் சிட்டாவும்

நம் கிராமங்களில் நெடுங்காலமாக அடங்கல், சிட்டா என்னும் ஏடுகள் இருந்து வருவதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். அடங்கல் புல எண் வரிசையில் அமைந்தது. இன்ன புலத்தில் இன்ன பயிர் என்று தெரிவிப்பது. சிட்டா பட்டா எண் வரிசையில் அமைந்தது. இன்ன பட்டாவில் எந்தெந்தப் புலங்கள் அடங்கியுள்ளன என்று தெரிவிப்பது. நிலம் ஒன்றே, ஏடுகள் மட்டும் வேறு வேறு. இதற்குக் காரணம் யாது? காகிதத்தில் எழுதியதை ஏதேனும் ஒரு வரிசையிலேதான் அடுக்க இயலும். புலத்தைக் கொண்டு தேடுவோருக்கு ஓர் ஏடும், ஆளைக் கொண்டு தேடுவோருக்கு மற்றோர் ஏடும் தேவைப்பட்டன. ஒன்றில் திருத்தி மற்றொன்றில் திருத்தாது விட்டால் வழக்கும் வம்பும் விளைந்தன.

விவரத்தை ஒரே இடத்தில் ஒரே முறை எழுதி வைத்து, எந்த வரிசையில் வேண்டுமாயினும் கேட்டுப் பெறுவதற்கு 1970ஆம் ஆண்டில் வழி வகுத்தவர் எட்கர் காட் என்னும் கணித அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர், எல்லா விவரங்களையும் அட்டவணைகளாக அமைக்கலாம் என்று காட்டினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவரும் 1974இல் அவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழியை வெளியிட்டனர். அம்மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது. இணையவழியே நாம் பட்டா எண்ணைக் கொடுத்தோ, புல எண்ணைக் கொடுத்தோ நில விவரம் காண்கிறோம் அல்லவா? திரைக்குப் பின்னே அத்தகைய கேள்வி ஒன்றே நம் சார்பில் கேட்கப்படுகிறது.

அட்டவணை அமைத்தல்

வீட்டு வரிக் கணக்கை உதாரணமாகக் கொள்வோம். பழகிப் பார்ப்பதற்கு எஸ்.க்யூ.லைட் என்னும் மென்பொருள் போதுமானது. அதற்கு விலை கிடையாது. கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலி வடிவத்தைத் தமிழில் தருகிறேன். அட்டவணைக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயர் சூட்டலாம்.

முதற்கண் ஏட்டில் கோடு போட வேண்டும்:

கிரியேட் டேபிள் வீட்டுவரி (வரிஎண் இன்டிஜர் பிரைமரி கீ, பெயர் டெக்ஸ்ட், தெரு டெக்ஸ்ட், தொகை இன்டிஜர், ரசீது இன்டிஜர்);

இன்டிஜர் என்பது முழு எண். டெக்ஸ்ட் என்பது எழுத்து. பிரைமரி கீ என்பது, ஒருவருக்கு அளித்த எண்ணை மற்றொருவருக்கு அளிக்கலாகாது என்னும் விதியாகும். பெயரையே அடையாளமாகக் கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஒரே தெருவில் ஒரே பெயருடையோர் இருவர் இருப்பது நம் ஊர்களில் புதிதன்று. மேலும், 'இராமசாமி' என ஒருவர் எழுதுவார். 'ராமசாமி' என மற்றொருவர் எழுதுவார். நமக்கு அவர் ஒருவரே. கணினிக்கோ அவர்கள் இருவர். ஆகவே எண்ணே அடையாளம். பெயர் விவரம் மட்டுமே.

எழுதுதலும் கேட்டலும்

கோடு போட்ட ஏட்டில் ஒரு வரியைப் பதிவு செய்வோம்:

இன்சர்ட் இன்டு வீட்டுவரி வேல்யூஸ் (47, 'முத்தம்மாள்', 'மேலத் தெரு', 220, நல்);

பெயரும் தொகையும் மாதிரிக்காகத் தரப்பட்டவை. இறுதியிலுள்ள 'நல்' என்பது, இன்னும் ரசீது போடப்படவில்லை, அவ்விடம் காலி என்று பொருள்படும்.

இனிக் கேட்கும் முறைக்கு வருவோம். மேலத் தெருவில் உள்ளவர்கள் யார், அவர்கள் செலுத்த வேண்டிய தொகை என்ன?

செலக்ட் பெயர், தொகை ஃப்ரம் வீட்டுவரி வேர் தெரு = 'மேலத் தெரு';

செலக்ட் என்பதற்கு அடுத்து எந்தப் பத்திகள் வேண்டும் என்பதையும், ஃப்ரம் என்பதற்கு அடுத்து எந்த ஏடு என்பதையும், வேர் என்பதற்கு அடுத்து எந்த நிபந்தனை என்பதையும் எழுதுகிறோம். கேள்வியின் அமைப்பு இவ்வளவே. முடிவில் 'ஆர்டர் பை பெயர்' என்று சேர்த்தால் விடை பெயர் வரிசையில் வரும்.

நிலுவை வைத்திருப்போர் பட்டியல் வேண்டுமாயின்:

செலக்ட் வரிஎண், பெயர், தொகை ஃப்ரம் வீட்டுவரி வேர் ரசீது இஸ் நல்;

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'ரசீது = நல்' என்று எழுதினால் ஒரு வரியும் விடையாக வராது. காலியிடம் எதற்கும் சமம் ஆகாது என்பது இம்மொழியின் விதி. இதனை அறியாதவர், "நம் ஊரில் நிலுவையே இல்லை" என்று மகிழ்ந்துவிடக் கூடும்.

எழுத்து வேறுபாட்டினால் பெயர் அகப்படாதபோது, 'வேர் பெயர் லைக் '%ராமசாமி%'' என்று கேட்க வேண்டும். சதவீதக் குறி, முன்னும் பின்னும் எவ்வெழுத்து இருப்பினும் சரி என்பதைக் குறிக்கும். இராமசாமியும் ராமசாமியும் அப்போது ஒருங்கே வந்து நிற்பார்கள்.

கிராம சபையில் வைப்பதற்குத் தெருவாரியாக நிலுவைத் தொகை தேவையெனில்:

செலக்ட் தெரு, சம்(தொகை) ஃப்ரம் வீட்டுவரி வேர் ரசீது இஸ் நல் குரூப் பை தெரு;

ஏட்டைப் புரட்டிக் கூட்டுவதற்கு அரைநாள் ஆகும் வேலை, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

நான் செய்த பிழை

திருத்துவதற்குரிய கட்டளை அப்டேட் என்பது. 47ஆம் எண்ணுக்கு உரியவர் வரி செலுத்தி, 1183ஆம் எண் ரசீது பெற்றார் என்று கொள்வோம்:

அப்டேட் வீட்டுவரி செட் ரசீது = 1183 வேர் வரிஎண் = 47;

இக்கட்டளையைப் பற்றி எச்சரிக்கும் தகுதி எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒன்றியத்தில், ஓர் ஊராட்சியின் கணக்கை விரைந்து முடிக்க எண்ணி, மாலை வேளையில் நானே கணினியின் முன் அமர்ந்தேன். இத்தகைய கட்டளை ஒன்றை எழுதுகையில், வேர் என்னும் பகுதியை எழுத மறந்தேன். நிபந்தனை இல்லையெனில் எல்லா வரிகளும் என்பது கணினியின் தீர்ப்பு. ஊரிலுள்ள அனைவருக்கும் ஒரே ரசீது எண் விழுந்தது. நிலுவைப் பட்டியல் வெறுமையாயிற்று. அதற்கு முன் பதிந்திருந்த ரசீது எண்களும் அழிந்தன. வேரற்ற மரம் போல் கணக்கு முழுதும் சாய்ந்தது.

ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தோம். அவசரத்தில் ஓர் அடிக்கட்டை விட்டுப் போயிற்று. அதன் பயனாக, வரி செலுத்திய ஒரு மூதாட்டிக்கு நிலுவை அறிவிப்புச் சென்றது. அவர் அலுவலகத்திற்கு நடந்தே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பலவாறு மடித்த ரசீதை என் மேசை மீது வைத்தார். "கட்டின காசுக்கு மறுபடியும் கேக்குறீங்களே, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டேன். அந்த ரசீதை அவர் பத்திரப்படுத்தாது போயிருந்தால், ஏழை ஒருவர் இருமுறை வரி கட்டியிருப்பார். கணக்கு சரியாகவே இருப்பதாக நாமும் நம்பியிருப்போம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

அந்நாள் முதல் நான் கடைப்பிடிக்கும் விதிகள் நான்கு.

1. திருத்துவதற்கு முன், அதே நிபந்தனையுடன் செலக்ட் கட்டளையை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு வரியைத் திருத்த எண்ணினால், ஒரு வரியே விடையாக வருகிறதா என்று காண வேண்டும். அழிப்பதற்குரிய டெலீட் கட்டளைக்கும் இதுவே விதி.

2. முதலில் 'பிகின்' என்று கட்டளையிட்டுத் தொடங்க வேண்டும். திருத்தியபின் சரிபார்த்து, சரியாயின் 'கமிட்' என்று உறுதி செய்யலாம். தவறாயின் 'ரோல்பேக்' என்று கட்டளையிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். பென்சிலால் எழுதிப் பார்த்துப் பின்பு மையால் எழுதுவதை ஒத்தது இது.

3. ஒரு வீட்டுக்கு ஒரு ரசீது என்பதே நடைமுறையாயின், அட்டவணை அமைக்கும்போதே 'ரசீது இன்டிஜர் யுனிக்' என்று எழுதிவிட வேண்டும். பின்னர் ஒரே ரசீது எண்ணை இருவருக்கு இட முயன்றால் கணினியே மறுத்துவிடும். இச்சொல் ஒன்று இருந்திருந்தால் என் பிழை நிகழ்ந்திராது. காலியிடங்கள் பல இருப்பதை இவ்விதி தடுக்காது.

4. அன்றாடம் கணக்கு முடிந்ததும் அதன் நகலை வேறோரிடத்தில் வைக்க வேண்டும். ரசீதின் அடிக்கட்டைகளையும் கணினி வந்துவிட்டதென்று எறிந்துவிடலாகாது.

உத்திரமேரூர் காட்டும் வழி

நிபந்தனை விதித்துத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிய கலையன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வாரிய உறுப்பினராகத் தகுதி உடையோர் யார் என்பதை வரையறுக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். இவற்றுள் நிலத்தையும் வயதையும் இன்றைய மொழியில் எழுதினால்:

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊரார் வேர் நிலம் > 0.25 அண்ட் வயது > 35 அண்ட் வயது < 70;

அதே கல்வெட்டு, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் தகுதியற்றவர் என ஒதுக்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கணக்குக் காட்டுதலை ஊராட்சியின் முதற் கடமையாக நம் முன்னோர் கொண்டிருந்தனர்.

ஊராட்சி உறுப்பினர்கள் அனைவரும் கட்டளைகளைத் தாமே எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எந்த நிபந்தனையைக் கொண்டு இப்பட்டியலை எடுத்தீர்கள்? நகல் எங்கே இருக்கிறது?" என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் கேட்பாராயின், வரி செலுத்திய எவரும் தம் ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு அலுவலகப் படியேற நேராது.