முகமும் வேடமும்

நுழையுமுன்

திரைப்படத்தில் ஒரு வேடத்திற்கு ஒருவர் எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறார்? அழகு, அதிர்ஷ்டம், அறிமுகம் என்பனவே பலரும் கூறும் விடை. புனே நகரோடு தொடர்புடைய சில நிகழ்ச்சிகளின் வழியே, நடிப்புத் தேர்வின் இயல்பையும் அதற்கு ஆயத்தமாகும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புனேயின் லா காலேஜ் சாலையில், மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் அமைந்துள்ளது. அவ்வளாகம் முன்பு பிரபாத் திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையமாக விளங்கியது. கோலாப்பூரில் 1929இல் தோன்றிய பிரபாத், 1933இல் புனேவுக்கு இடம்பெயர்ந்தது. ‘சந்த் துக்காராம்’ போன்ற புகழ்மிக்க மராத்திப் படங்களை அளித்த அந்நிறுவனம், தமிழில் ‘சீதா கல்யாணம்’ என்னும் படத்தையும் தயாரித்தது. அதில் இராமனாக எஸ். இராஜமும் சீதையாக எஸ். ஜெயலட்சுமியும் நடித்தனர். இருவரும் உடன்பிறந்தவர்கள்! இன்று வியப்பைத் தரும் இத்தெரிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பின்னணிப் பாடல் முறை பரவாத காலம் அது; நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடவேண்டும். ஆகவே, ‘இவருக்குப் பாடத் தெரியுமா?’ என்பதே அக்காலத்தின் முதற்கேள்வி. முகப்பொருத்தமும் உறவுமுறையும் அதற்குப் பின்னரே எண்ணப்பட்டன. இராஜம் பிற்காலத்தில் கருநாடக இசைக்கலைஞராகவும் ஓவியராகவும் பெயர் பெற்றார்.

பின்னணிப் பாடல் வந்தபின் அக்கேள்வி மாறியது. ‘இவர் கதைத்தலைவரைப் போல் தோன்றுகிறாரா?’ என்பது அதன் இடத்தைப் பிடித்தது. நல்ல நடிகர் பலரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிய கேள்வி இது.

பிரபாத் வளாகத்தில் 1960இல் நடுவண் அரசு திரைப்படக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. நடிப்பும் அங்கு ஒரு பாடமாயிற்று. ரோஷன் தனேஜா என்னும் ஆசிரியர் அத்துறையை வளர்த்தார். ஜெயா பாதுரி, ஷபானா ஆஸ்மி முதலியோர் அங்குப் பயின்றவர்கள். 1970களின் நடுவில் ஓம் புரி என்னும் இளைஞர் அங்கே சேர வந்தார். தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்று தேர்ந்தவர் அவர். ஆனால் அவர் முகத்தில் அம்மைத் தழும்புகள் நிறைந்திருந்தன. தலைவனாகவும் வில்லனாகவும் நகைச்சுவையாளராகவும் தோன்றாத இம்முகத்தால் திரைத்துறைக்கு என்ன பயன் எனத் தேர்வுக் குழுவில் சிலர் ஐயுற்றனர் என்பர். அப்போது நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட். ஓம் புரிக்கு இடம் கிடைத்தது.

அந்த ஐயத்திற்கு விடை 1980இல் வெளிவந்தது. கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘ஆக்ரோஷ்’ படத்தில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட பழங்குடித் தொழிலாளியாக ஓம் புரி நடித்தார். வழக்கறிஞர் எவ்வளவு வினவினும் அவர் வாய் திறப்பதில்லை. படத்தின் பெரும்பகுதியில் அவருக்கு உரையாடலே இல்லை, முகமே பேசவேண்டும். குழுவில் சிலர் பயனற்றதென எண்ணிய அதே முகம்தான் அப்படத்தைத் தாங்கியது. தழும்பற்ற ஓர் அழகிய முகத்தை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தால், அவ்வேடத்தின் துயரம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஓம் புரியோடு தில்லியில் பயின்ற நசீருத்தீன் ஷாவும் புனே நிறுவனத்தின் மாணவரே. இயக்கம் பயிலும் மாணவர்கள் தம் பட்டயப் படங்களில் நடிப்பு மாணவர்களுக்கு வாய்ப்பளிப்பதில்லை என்னும் குறை அக்காலத்தில் எழுந்தது. நடிப்பைக் கற்பிக்கும் இடத்திலேயே நடிக்க இடமில்லை என்றால் அக்கல்வி எதற்கு? மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதில் முன்னின்றவர்களுள் ஷாவும் ஒருவர். அவர்கள் எதிர்த்து நின்ற நிருவாகத்தின் தலைவர் கர்னாட். எனினும், ஷியாம் பெனகல் தம் ‘நிஷாந்த்’ படத்திற்கு ஓர் இளைஞரைத் தேடியபோது, ஷாவின் பெயரைப் பரிந்துரைத்தவரும் அதே கர்னாட்தான். 1975இல் வெளிவந்த அப்படத்தில் கர்னாட் பள்ளி ஆசிரியராகவும், ஷா நிலக்கிழார் குடும்பத்தின் இளைய மகனாகவும் நடித்தனர். தம்மை எதிர்த்தவரிடம் இருந்த ஆற்றலைக் கண்டுகொண்ட கண், தெரிவு செய்வோருக்கு வாய்க்கவேண்டிய கண்ணாகும்.

அதே 1975இல் சென்னையிலும் இத்தகைய ஒரு தெரிவு வெளிப்பட்டது. பேருந்து நடத்துநராகப் பணியாற்றிவிட்டுத் திரைப்படப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த சிவாஜி ராவ் என்னும் மாணவரை இயக்குநர் கே. பாலசந்தர் கண்டார், தமிழை நன்கு கற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் இரஜினிகாந்த் என்னும் பெயரோடு அவர் அறிமுகமானார். அக்காலத்தில் இயக்குநரின் கண்ணே தேர்வுக்கூடம்.

இன்று அப்பணியைச் செய்யத் தனித்துறையே உள்ளது. 1994இல் வெளிவந்த ‘பண்டிட் குயின்’ படத்திற்குத் திக்மான்ஷு தூலியா நடிகர் தேர்வைக் கவனித்தார். அதன்பின் இந்தித் திரையுலகில் ‘காஸ்டிங் டைரக்டர்’ எனப்படும் நடிகர் தேர்வு இயக்குநரின் பணி மெல்ல மெல்ல நிலைபெற்றது. அவர் திரைக்கதையைப் படித்து, ஒவ்வொரு வேடத்திற்கும் உரிய வயது, வட்டார மொழி, உடல்வாகு, மனப்போக்கு ஆகியவற்றைக் குறிப்பார். அக்குறிப்பைக் கொண்டு அழைப்பு வெளியாகும். விண்ணப்பிப்போரிடம் ஒப்பனையற்ற ஒளிப்படங்களும், பெரும்பாலும் அவர்களே கைப்பேசியில் பதிவு செய்த காணொளியும் கேட்கப்படும். அவற்றிலிருந்து சிலரே நேர்த்தேர்வுக்கு அழைக்கப்படுவர். அங்கும் முதற்சுற்றோடு முடிவதில்லை. மறு அழைப்பு, உடன் நடிப்பவரோடு சேர்த்துப் பார்த்தல், உடையும் ஒப்பனையும் அணிவித்துப் பார்க்கும் தோற்றச் சோதனை எனப் படிகள் நீளும். எல்லாவற்றிலும் பொருந்திய ஒருவர், படப்பிடிப்பு நாள்கள் ஒத்துவராமல் வாய்ப்பை இழப்பதும் உண்டு. தேர்வு பெறாதவர் திறமையற்றவர் என்னும் முடிவு இதனால்தான் பிழையாகிறது. தாய் வேடத்திற்கு முன்பே ஒருவர் உறுதியாகியிருப்பார். அவருடைய சாயல் இல்லாத மகன் எவ்வளவு நன்றாக நடித்தாலும் பயனில்லை.

ஆயத்தம் என்பது வசனத்தை மனப்பாடம் செய்வதில் தொடங்கலாம், அதில் முடியலாகாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. புனேயின் சுவார்கேட் பேருந்து நிலையம். முதன்முறையாக வெளியூருக்குப் படிக்கச் செல்லும் தங்கையை அண்ணன் வழியனுப்புகிறான். தாளில் அவனுக்கு உள்ள வசனம், “போனதும் போன் பண்ணு” என்பது மட்டுமே. ஆயத்தமில்லாதவர் இவ்வரியை உருக்கமாகச் சொல்லிக் கண்ணீர் விட முயல்வார். ஆயத்தமானவரோ சில கேள்விகளை எழுப்பிக்கொள்வார். இக்காட்சிக்குச் சற்றுமுன் வீட்டில் என்ன நடந்தது? பயணச்சீட்டுக்குப் பணம் எவ்வாறு கிடைத்தது? அவள் போவதை அண்ணன் விரும்புகிறானா? தன் சைக்கிளை விற்று அவன் சீட்டு வாங்கியிருந்தால், அதை அவளிடம் மறைக்கவே முயல்வான். அப்போது அவ்வரி எளிய குரலில், பையைச் சரிசெய்தபடியே கூட வெளிவரும். மறைக்க முயலும் துயரத்தைக் காண்போர் தாமே உணர்ந்துகொள்வர்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை, இளிவரல் எனத் தொடங்கி எட்டாக அதனை வகுக்கிறது. மேடையில் அம்மெய்ப்பாடு கடைசி வரிசை வரை எட்டவேண்டும். படக்கருவியோ ஓரடித் தொலைவில் நிற்கிறது. மேடைக்குப் பழகியவர் முதல் தேர்வில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

தேர்வு அறையில் நடிப்பவர் முதலில் தம் பெயர், வயது, உயரம், அறிந்த மொழிகள் ஆகியவற்றைப் படக்கருவியை நோக்கிக் கூறுவார். பின் முகத்தின் இருபுறங்களையும் காட்டுவார். எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தை ஒருவர் படக்கருவிக்கு அருகில் நின்று, உணர்ச்சி ஏதுமின்றி வாசிப்பார். அவரை உண்மையில் செவிமடுப்பதே தேர்வின் கடினமான பகுதி. தன் வரி எப்போது வரும் எனக் காத்திருக்கும் கண்களைப் படக்கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை நடித்து முடித்ததும், “பேருந்து நகரத் தொடங்கிவிட்டது என எண்ணிக்கொண்டு மீண்டும் செய்யுங்கள்” என்று கூறப்படலாம். முதன்முறை தவறிவிட்டது என இதற்குப் பொருளில்லை. சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு இருக்கிறதா என்பதே அங்குச் சோதிக்கப்படுகிறது. ஒரே ஏற்ற இறக்கத்தோடு வசனத்தை நெட்டுருப் போட்டவர் இவ்விடத்தில்தான் சிக்கிக்கொள்வர்.

இத்துறையின் ஆசையைப் பயன்படுத்தி ஏமாற்றுவோரும் உளர். தேர்வுக்குப் பதிவுக் கட்டணம் கேட்பவரையும், வேடம் உறுதி எனக் கூறி முன்பணம் பெறுபவரையும் விட்டு விலகுதல் வேண்டும். ஊதியம் தயாரிப்பாளரிடமிருந்து நடிகருக்கு வருவது, நடிகரிடமிருந்து செல்வது அன்று. தனி விடுதி அறைக்கு வருமாறு விடுக்கப்படும் அழைப்பும் ஏற்கத்தக்கது அன்று. மாணவர் எவரும் பெற்றோர் துணையின்றித் தேர்வுக்குச் செல்லலாகாது.

பதினான்கு வயது நிறையாத சிறுவர் நடிப்பதற்குச் சட்டம் வரையறை விதித்துள்ளது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தயாரிப்பாளர் முன்கூட்டியே மாவட்ட நடுவரின் (மாவட்ட ஆட்சியரின்) அனுமதியைப் பெறவேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்திற்கு மேலும் சிறுவரைப் பணியில் ஈடுபடுத்தலாகாது. ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காடு அச்சிறுவர் பெயரில் வங்கியில் நிலைவைப்பாகச் செலுத்தப்படவேண்டும். பல பெற்றோர் இவற்றை அறியாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர்.

புனே நிறுவனத்தின் நடிப்புப் படிப்பு 1970களின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் நடைபெறாதிருந்தது. 2004ஆம் ஆண்டையொட்டி மீண்டும் உயிர்பெற்றது. எழுத்துத் தேர்வு, நடிப்புத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றைக் கடந்தே அதில் சேர இயலும். 2008இல் ஒரே வகுப்பிலிருந்து வெளிவந்தவர்களுள் இராஜ்குமார் ராவ், விஜய் வர்மா, ஜெய்தீப் அஹ்லாவத் ஆகிய மூவரும் உண்டு. புதுமுகங்களைத் தேடிய திபாகர் பானர்ஜியின் படத்திற்குத் தேர்வாகி, 2010இல் ராவ் திரைக்கு வந்தார். வர்மாவைப் பரவலாக அறியச் செய்தது 2019இல் வெளிவந்த ‘கல்லி பாய்’. சிறுவேடங்களிலும் துணைவேடங்களிலும் நடித்துவந்த அஹ்லாவத்துக்கு, ‘பாதாள் லோக்’ தொடரின் காவல் அதிகாரி வேடம் 2020இல் வாய்த்தது. அப்போது அவர் படிப்பை முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அருஞ்சொற்பொருள்

தெரிவு – தேர்ந்தெடுத்தல்
பட்டயப் படம் – படிப்பின் நிறைவில் மாணவர் எடுக்கும் படம்
இளிவரல் – இழிவு பற்றித் தோன்றும் உணர்ச்சி
செவிமடுத்தல் – ஊன்றிக் கேட்டல்
நெட்டுரு – பொருளுணராது மனப்பாடம் செய்தல்

பயிற்சி

1. ‘சீதா கல்யாணம்’ படத்தில் உடன்பிறந்தோர் இருவர் இராமனாகவும் சீதையாகவும் நடிக்க நேர்ந்த காரணம் யாது?
2. ஓம் புரியின் முகத்தைப் பற்றிய ஐயம் ‘ஆக்ரோஷ்’ படத்தில் எவ்வாறு நீங்கியது?
3. நடிப்புத் தேர்வில் ஒரு காட்சியை மீண்டும் நடிக்கச் சொல்வதன் நோக்கத்தை விளக்குக.
4. பேருந்து நிலையக் காட்சியில் தங்கையின் வேடத்திற்கு ஆயத்தமாகும் ஒருவர் தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளை எழுதுக. பின்னர், “சரி அண்ணா” என்னும் ஒரே வரியை அவ்விடைகளுக்கேற்ப இருவேறு முறைகளில் வகுப்பில் நடித்துக் காட்டுக.
5. சேர்த்து எழுதுக: முகம் + பொருத்தம், மெய் + பாடு.