வரைக்கமுகு ஏன் பாறையில் வாழ்கிறது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் தென்னையும் பனையும் நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மறுபக்கம் சென்றால் காற்று ஈரமாகிறது. மரநிழலில் ஏலச்செடிகள் தொடங்குகின்றன. இந்த ஏலமலைகளிலும் இவற்றின் தெற்கே தொடரும் மலைகளிலும் அரியதொரு பனையினம் உண்டு. அதுவே வரைக்கமுகு. 'வரை' என்றால் மலை. பார்வைக்கு மெலிந்த பாக்கு மரம் போலிருக்கும்.

இதன் தாவரவியல் பெயர் பென்டிங்கியா கொண்டபன்னா. முதற்சொல், 1828 முதல் 1835 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த பென்டிங்க் பிரபுவைக் குறிப்பது. இப்பேரினத்தில் உலகில் இரண்டே இனங்கள். மற்றொன்று நிக்கோபார் தீவுகளில் வளர்கிறது.

இம்மரம் பெரும்பாலும் செங்குத்தான பாறைச்சரிவுகளிலேயே காணப்படுகிறது. ஏன்? இதன் குருத்து யானைகளுக்கு மிக விருப்பமானது. வேம்பின் நுனியை ஒடித்தால் பக்கத்தில் துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கோ வளரும் நுனி உச்சியில் ஒன்றே ஒன்று. அது போனால் மரமே போயிற்று. ஆகவே, மரம் பாறையைத் தேடிச் செல்லவில்லை. யானைக்கு எட்டாத இடத்தில் முளைத்தவை பிழைத்தன!

இதற்காக யானையைக் குறை கூறலாமா? காடு பரந்திருந்தவரை இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன. காடு சுருங்கச் சுருங்க, எஞ்சிய மரங்களே இழப்பைத் தாங்க வேண்டியுள்ளது. வரைக்கமுகு இன்று அழியும் ஆபத்துள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் ஊர்த் தோப்பில் மொட்டையாக நிற்கும் தென்னை உண்டா? அதன் குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்ததா, இடி தாக்கியதா என்று தோட்டக்காரரிடம் கேட்டறியுங்கள்.