ஆடு வளர்க்கப் போகிறீர்களா? முதலில் ஒரு காலண்டர் வாங்குங்கள்

வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பரண் போடுகிறார்கள். ஆள் உயரக் கால்கள், இடைவெளி விட்ட தளம், மேலே தகரம். கையிலிருக்கும் பணத்தில் பாதி, ஆடு வருவதற்கு முன்பே போய்விடும். பரண் கெட்டதல்ல. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடுவதால் ஈரம் தங்காது. ஆனால் தண்ணீர் தேங்காத மேட்டு மண்தரையிலும் ஆடு நன்றாகவே வளரும். வருமானம் தருவது குட்டி. அது எந்த மாதம் விழ வேண்டும் என்பதை முடிவு செய்யச் சுவரில் ஒரு காலண்டரும் ஒரு பேனாவும் போதும்.

கணக்கு எளிது. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈன்ற மூன்றாம் மாதம் மறுபடி சினை பிடித்துவிட்டால் ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் எட்டு மாதம். அதாவது இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து. 20 பெட்டை வைத்திருப்பவர் ஈத்துக்கு ஒன்றரைக் குட்டி என்று கையை இறுக்கிக் கணக்குப் போட்டாலும் இரண்டு வருடத்தில் 90 குட்டி வரும். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாள் ஆகும். அதுவரை அந்த ஆடு சும்மா தின்றுகொண்டு நிற்கும்.

பருவத்துக்கு வந்த பெட்டை காரணமில்லாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், தீனியில் மனம் வைக்காது, பின்புறம் கண்ணாடிபோல் சளி ஒழுகும். இது ஒன்று, ஒன்றரை நாள்தான். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கிடாவிடம் விடுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். 18ஆம் நாளிலிருந்து மறுபடி நோட்டம் விடுங்கள். 24 நாள் தாண்டியும் கத்தவில்லை என்றால் பெரும்பாலும் சினை.

இனி மழை. வடகிழக்குப் பருவமழையில் பிறந்த குட்டி நனைந்து, குளிர் தாக்கி, நிமோனியாவில் போவது நம் ஊர்ப் பட்டிகளில் வருடாவருடம் நடப்பது. ஐப்பசியில் குட்டி விழாமல் இருக்க, வைகாசியில் கிடாவைப் பிரித்துக் கட்ட வேண்டும். நான் சொல்லும் வரிசை இது: ஜனவரியில் ஓர் ஈத்து, செப்டம்பரில் அடுத்தது, மறுவருடம் மே மாதம் மூன்றாவது, பிறகு மீண்டும் ஜனவரி. இடைவெளி எட்டெட்டு மாதம். எதுவும் அக்டோபர், நவம்பரில் விழாது. எல்லா ஆடும் சொன்னபடி நடக்காதுதான். பத்தில் ஏழு நடந்தாலே குட்டிச் சாவு குறையும், விற்கும்போது ஒரே வயதுக் குட்டிகள் கூட்டமாகக் கையில் இருக்கும்.

20 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரட்டைக் குட்டியாகப் பிறந்த கிடாவைத் தேடி வாங்குங்கள். இரண்டு வருடத்தில் அதை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது தன் மகளையே சேரும். குட்டிகள் சிறுத்துக்கொண்டே போகும். இனத்தைப் பொறுத்தவரை ஊரோடு ஒத்துப்போவது நல்லது. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும் வறட்சியைத் தாங்கும். கன்னி இரட்டைக் குட்டிக்குப் பேர்போனது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரியில் சேலம் கருப்பு. முழுக் கருப்புக் கிடாவைக் கோயில் நேர்த்திக்கடனுக்குத் தேடி வந்து வாங்குவார்கள். போயர் கிடாவின் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதன் தீனிச் செலவையும் கேட்டுக்கொள்ளட்டும்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடையுங்கள். தொப்புள்கொடியை நூலால் கட்டி, வெட்டி, அயோடின் தடவுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் விட வேண்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. குட்டிக்கு நோய் எதிர்ப்பு அந்தப் பாலிலிருந்துதான் வருகிறது. நேரம் ஆக ஆக அதைக் குடல் உறிஞ்சுவது குறைந்துவிடும். காத்திருக்காதீர்கள். தாய்க்குப் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் கையை விட்டு இழுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

நோய்களில் சத்தமில்லாமல் காசைத் தின்பது குடற்புழு. அதிலும் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று உண்டு. ஆடு தின்றுகொண்டே இருக்கும், மெலிந்துகொண்டே போகும்; ஒருநாள் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பைபோலத் தொங்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் இருமுறை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி, காகிதம்போல் வெளுத்திருந்தால் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே வண்ண அட்டை ஒன்று செய்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எடை பாராமல், ஒரே மருந்தை, மந்தை முழுவதற்கும் அடிக்கடி ஊற்றினால் அந்த மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே பட்டியில் மிஞ்சும். கொஞ்சம் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். சினை ஆடு என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஆல்பெண்டசோல் சினையின் தொடக்கத்தில் ஆகாது. இன்னொன்று, பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். புழுவின் இளம்பருவம் ஈரப் புல்லில்தான் ஏறி நிற்கும்.

தடுப்பூசியில் இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள். முதலாவது ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான், 1987இல். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், பிறகு கழிச்சல் என்று ஒரு வாரத்தில் பட்டியையே காலி செய்துவிடும். மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு ஊசி போட்டால் மூன்று வருடம் தாங்கும். இரண்டாவது துள்ளுமாரி. முதல் மழைக்குப் பிறகு தழைத்த இளம்புல்லைத் தின்ற, பட்டியிலேயே கொழுத்த குட்டிதான் காலையில் செத்துக் கிடக்கும். இதற்கு வருடாவருடம், மழைக்கு முன்பே போட வேண்டும். காலண்டரில் ஊசி போடும் மாதத்தைச் சிவப்பால் வட்டமிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை ஆசையோடு ஆட்டுக்கு வைப்பவர்கள் உண்டு. சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, மறுநாளே ஆடு படுத்துவிடும். நெல் காயும் களத்தில் அவிழ்த்துவிட்ட ஆட்டுக்கும் இதே கதைதான். வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா போன்ற தழைகளைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு விரும்பித் தின்னும். சவுண்டலை மட்டும் அளவோடு கொடுங்கள்.

நான் முதல்முறை சந்தையில் வாங்கிய ஏழு ஆடுகளை அன்று மாலையே பழைய ஆடுகளோடு சேர்த்துக் கட்டினேன். அதில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. வண்டியில் வந்த களைப்பு என்று நினைத்தேன். பத்தாம் நாள் பழைய ஆடுகளும் இருமத் தொடங்கின. இப்போது புதிய ஆடு எதுவானாலும் மூன்று வாரம் தனியாக, வேறு தொட்டியில்தான் தண்ணீர்.

விற்பனைக்கும் காலண்டர்தான். பக்ரீத் வருடந்தோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும். ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத ஆடுதான் குர்பானிக்கு ஆகும் என்பதால் பண்டிகைக்குப் பதினான்கு மாதம் முன்பு பிறந்த ஈத்து அதற்குச் சரியாக வரும். காது கிழிந்தாலும் கொம்பு உடைந்தாலும் விலை இறங்கும். வீட்டில் ஒரு தராசு இருக்கட்டும். உயிர் எடை தெரியாமல் எட்டையபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கோ அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கோ போனால், துண்டுக்குள் விரல் பிடிக்கும் வியாபாரியின் கண்தான் தராசு.

முதல் வருடம் பத்துப் பெட்டையோடு நிறுத்துங்கள். அதற்குள் உங்கள் மாவட்டத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருந்தால் ஒருமுறை போய் வாருங்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். ஆடு வாங்கும்போது பல்லைப் பாருங்கள், மடியைத் தொட்டுப் பாருங்கள். சினை ஆடு என்று சொல்லி விலை கூட்டினால், எந்தத் தேதியில் கிடா சேர்ந்தது என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரிடம் வெறும் ஆட்டுக்குண்டான விலையை மட்டும் பேசுங்கள்.