தாடை மூட்டு வலி: வீட்டில் நாம் செய்யக்கூடியவை

காலையில் எழும்பியதும் தாடை இறுகிக் கிடக்கிறது. ரொட்டியைக் கடித்தால் காதடியில் சுரீர் என்கிறது. கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம். இப்படிச் சொல்பவர்களில் பெண்களே அதிகம். காதுவலி என்று எண்ணிச் சிலர் காதில் எண்ணெய் விடுகிறார்கள். பல்வலி என்று எண்ணிச் சிலர் நல்ல பல்லையே பிடுங்கக் கேட்கிறார்கள். வலி போவதில்லை, ஏனெனில் நோவு இருப்பது மூட்டில்.

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று அசைகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல ஒரு சிறு தட்டு உண்டு. அது சற்று விலகினால் ‘டக்’ சத்தம் வரும். வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் வைத்தியம் தேவையில்லை. பெரும்பாலும் வலி வருவது மூட்டை இயக்கும் தசைகள் களைத்துப்போவதால்தான்.

தசை ஏன் களைக்கிறது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கங்களில் மறுபடியும் மண் சரிந்தது. வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வந்தவர்களுக்கு மழைச்சத்தம் கேட்டாலே நித்திரை போய்விடுகிறது. மனம் பயந்தால் பல் தானாகவே இறுகும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது கடிப்பவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால்தான் தெரியும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பதால் கழுத்துத் தசை இறுகுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

முதலில் தாடைக்கு ஓய்வு கொடுப்போம். இரண்டு வாரத்துக்குக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, பூசணிக்காய் போதும். ரொட்டிதான் இருக்கிறதென்றால் கறியிலோ தேநீரிலோ ஊறவைத்துச் சிறிது சிறிதாக, இரண்டு பக்கமும் மாற்றி மென்று சாப்பிடுங்கள். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தோல் பொறுக்கும் சூட்டில் கன்னத்தில் கால்மணி நேரம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாளும் குளிர்ந்த துணியே நல்லது. நம் மலைத் தண்ணீரே அதற்குப் போதுமான குளிர்! சித்தாலேப்ப தடவலாம், ஆனால் அழுத்தித் தேய்க்கவோ ‘மூட்டை எடுத்துவிட’ ஆள் தேடவோ வேண்டாம். வலி மிஞ்சினால் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு எடுக்கலாம், ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் நோயாளிகளும் மதுப் பழக்கமுள்ளவர்களும் கேட்டபின்பே எடுக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். கொட்டாவி வந்தால் முகவாய்க்கடியில் கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க வேண்டாம். இவ்வளவு செய்தாலே அநேகருக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும்.

இப்போது ஒரு பரீட்சை. உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுகூட நுழையவில்லை, கறி காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறிக் கயிறுபோல் தடித்திருக்கிறது என்றால் அது மூட்டுவலி அல்ல. பாக்கு மெல்வதால் உட்சதை இறுகிப்போகும் நோய் அது. நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துள்ளது. நம் நாட்டு ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதானே துணை என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இறுகிய சதை பழையபடி முழுவதும் இளகாது. இன்றே விட்டால் மேலும் மோசமாகாமல் தடுக்க வழியுண்டு. சுடுதண்ணீர்த் துணியால் இது மாறாது. அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிடாதீர்கள்.

வேறு சிலவற்றுக்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சேற்றில் காலைக் கிழித்துக்கொண்டவருக்குச் சில நாள் கழித்து வாய் திறக்க முடியாமல் இறுகினால் அது ஏற்புவலியாக இருக்கலாம். தாடை வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் இருதயம். காய்ச்சலோடு கன்னம் வீங்கினாலும், திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நின்ற தாடையை வீட்டில் தட்டிப் பார்க்க வேண்டாம்.

மற்றவர்கள் மூன்று வாரம் பார்த்துவிட்டுத் தோட்ட டிஸ்பென்சரியிலோ, டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ, நுவரெலியா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். தேவையானால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்பதில்லை. கிளினிக் கொப்பி மண்ணோடு போய்விட்டதென்று தயங்க வேண்டாம். போனவுடன் அதைச் சொல்லிப் புதுக்கொப்பி கேளுங்கள். இதுவரை பாவித்த மருந்தின் வெற்று உறை ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.