கூட்டாளிமாருக்கு நம்ம கரை

கேள்வி: கண்டியிலிருந்து கூட்டாளிமார் சனி, ஞாயிறு வருகிறார்கள். எங்கே கூட்டிப் போகலாம்? என்ன சாப்பாடு கொடுக்கலாம்?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: சனிக்கிழமை கல்முனையைச் சுற்றியே காட்டுங்கள். முதலில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் கொடியேறும் கடற்கரைப் பள்ளி. பிறகு மருதமுனையில் தறி ஓடும் ஒரு வீடு. நாடா பாயப் பாய சாரனில் கோடு விழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பகல் சாப்பாடு வீட்டில்தான். கடைப் பிரியாணி கண்டியிலும் கிடைக்கும். காலையிலேயே கரைவலை மீன் வாங்கி, தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சி, ஒரே சஹனைச் சுற்றி உட்காருங்கள். கடைசியில் எருமைத் தயிரும் சீனியும். அந்தச் சாப்பாட்டை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஞாயிறு ஒலுவில் வெளிச்சவீடு, அப்படியே அறுகம்பே. கல்முனையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர். சுபஹ் தொழுததும் புறப்படுங்கள். கடலில் இறங்குமுன் அங்குள்ள மீனவரிடம் நீரோட்டம் எப்படியென்று கேளுங்கள்.