எந்த எல்லை, எந்தத் தேதி, எந்த ஆள்

மண்ணாடிப்பட்டு

அன்பு மகளுக்கு,

வழக்குக்குப் பொருத்தமான தீர்ப்பை எப்படித் தேடிப் பிடிப்பது என்று கேட்டிருந்தாய். தேடத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் நான் முதலில் எழுத வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. ஒரு சிக்கல் கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள். சொத்தோ சம்பவமோ எந்த எல்லைக்குள் இருக்கிறது? எந்தத் தேதியில் நடந்தது? சம்பந்தப்பட்டவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்? இவை தெரியாமல் நீ எடுக்கும் சட்டப்பிரிவு புத்தகத்தில் சரியாகவே அச்சாகியிருக்கும்; ஆனால் உன் கட்சிக்காரருக்கு அது சட்டமாக இருக்காது.

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் பிறந்தவளுக்கு எல்லையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களும் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மண்ணும் பேச்சும் ஒன்றுதான், சட்டம் அப்படியில்லை. தமிழ்நாடு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 1989 மார்ச் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தம் மாநிலத்தின் திருத்தம், புதுச்சேரிக்கு வரவில்லை. இங்கே மகள்களுக்கு அந்த நிலையைத் தந்தது 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம். அந்த இடைப்பட்ட காலத்தில் நடந்த பாகப்பிரிவினை ஒன்று உன்னிடம் வந்தால், சென்னை வழக்கு ஒன்றின் தீர்ப்பை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்த முடியாது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகிறது என்பதால் இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது. தீர்ப்பு ஒரே நீதிமன்றத்திலிருந்து வந்தது என்பதாலேயே அது ஒரே சட்டத்தைப் பற்றியது என்று ஆகிவிடாது.

தேதி இன்னும் நுட்பமானது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நிறைவேறியது. அன்றோடு பிரெஞ்சுச் சட்டங்கள் எல்லாம் மறைந்துவிடவில்லை. 1963-இன் ஒழுங்குமுறை விதி சில மத்திய சட்டங்களை இங்கே நீட்டித்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968-இல்தான் வந்தது. இவையெல்லாம் சட்டத்தின் மூல உரையை மட்டும் தரும் பேர் ஆக்டின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். பரீட்சைக்குப் படிப்பவர்கள் தாண்டிப்போகும் அந்த அடிக்குறிப்பை நீ முதலில் படி. இந்துத் திருமணச் சட்டத்தை அப்படிப் படித்தால், புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்ற வரி கிடைக்கும். 1881-இன் பிரெஞ்சு ஆணைப்படி தம் சொந்த வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பெயரையும் மதத்தையும் பார்த்துச் சட்டத்தை ஊகிப்பவர் அங்கே தவறுவார்.

தேதி தவறினால் ஒரு சட்டமே விழும் என்பதற்கு நம் ஊர் வழக்கே சான்று. புதுச்சேரி சட்டமன்றம் 1965-இல் விற்பனை வரிச் சட்டம் ஒன்றை இயற்றியது. தானாக ஒரு சட்டம் எழுதாமல், 1959-இன் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வரும் நாளுக்குச் சற்று முன் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் பொருந்தும் என்றது. நடைமுறை நாளை அரசு அறிவிக்கும். அரசு அறிவித்த நாள் 1966 ஏப்ரல் 1. அதற்குள் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகப் புதுச்சேரி உறுப்பினர்கள் பார்த்திராத ஒரு சட்டம் புதுச்சேரி வணிகர்மேல் விழுந்தது. பி. ஷாமா ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல், இது சட்டமன்றம் தன் பொறுப்பை இன்னொரு சட்டமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டதாகும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வழக்கு நடக்கும்போதே கொண்டுவந்த திருத்தச் சட்டமும் அதைக் காப்பாற்றவில்லை; பிறக்கும்போதே உயிரற்ற சட்டத்துக்குத் திருத்தத்தால் உயிர் கொடுக்க முடியாது என்றனர். ஒரு தீர்ப்பு பிணைப்பது அதன் முடிவால் அல்ல, முடிவுக்கு அடிப்படையான காரணத்தால் என்று இன்று நாடெங்கும் மேற்கோள் காட்டும் கருத்தும் இதே தீர்ப்பில் இருக்கிறது. புதுச்சேரியைப் பற்றிய வழக்கு என்பதையே மறந்து பலர் அதைச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கணினி நொடியில் தராதா என்று உன் தோழிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். இந்தியன் கானூன் போன்ற தளங்களும், உச்ச நீதிமன்றமே இலவசமாகத் திறந்துவிட்ட தீர்ப்புத் திரட்டும், இந்தியா கோட் தளமும் கிராமத்து மாணவிக்குப் பெரிய வரம். சென்னை நூலகத்துக்குப் போகும் பேருந்துச் செலவு மிச்சம். ஆனால் தேடுபொறி நீ கேட்ட சொற்களுக்குத்தான் விடை தரும். கேட்க வேண்டிய எல்லையையும் தேதியையும் நீதான் கொடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி மேலே போய், இல்லாத தீர்ப்பையும் எண்ணோடு எழுதித்தரும். அதை நம்பித் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் நீதிமன்றம் 2023-இல் 5,000 டாலர் அபராதம் போட்டது. முழுத் தீர்ப்பைத் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதே. தலைக்குறிப்பு தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல.

பழைய பிரெஞ்சுச் சட்டம் இன்று யாருக்கு வேண்டும் என்பது இன்னொரு ஆட்சேபம். நிலத்தின் மூலப் பத்திரம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக்குப் போகும். அன்று இங்கிருந்த வழக்காற்று இந்துச் சட்டப்படி மகனுக்குப் பிறப்பால் பங்கு இல்லை என்று தெரியாதவர் அந்தப் பத்திரச் சங்கிலியைத் தவறாகப் படிப்பார். தேதிக் கேள்வி புதிய சட்டங்களிலும் உயிரோடுதான் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம், பின் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா. இரண்டையும் பல ஆண்டுகள் கையாளப்போவது உன் தலைமுறைதான்.

இந்த விடுமுறையில் ஷாமா ராவ் தீர்ப்பை முழுதும் படி. பிறகு 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குவாலியர் ரேயான் வழக்கை எடு. அங்கே ஷாமா ராவை வேறுபடுத்தி, அதன் வீச்சைக் குறைத்தார்கள். எந்தக் காரணத்தைச் சொல்லி வேறுபடுத்தினார்கள் என்று உன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கத்துக்கு எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா