மருத்துவமனை ஊழியர்களும் நஷ்டஈட்டுப் பாதுகாப்பும்

1896ஆம் ஆண்டின் இறுதியில் புனே நகரைப் பிளேக் நோய் பற்றியது. தம் மகன் மருத்துவர் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை விடுதியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் புலே, அந்நோய் தம்மையும் தொற்றியதால் 1897 மார்ச் 10 அன்று காலமானார். பணியின் காரணமாக உயிரிழப்போரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு வழங்க அன்று நாட்டில் தனிச் சட்டம் ஏதும் இல்லை. 26 ஆண்டுகள் கழித்து, 1923இல்தான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1924 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இயந்திரத்தில் கை சிக்கிய ஆலைத் தொழிலாளியை மனத்திற்கொண்டு பிறந்த சட்டம் அது. மருத்துவமனையில் நேரும் விபத்தின் தன்மையோ வேறு. ஊசி குத்திய விரலில் காயம் மறுநாளே ஆறிவிடும். மஞ்சள் காமாலைக் கிருமியின் விளைவு பல வாரங்கள் கழித்தே வெளிப்படும். நோய் பணியிடத்தில்தான் தொற்றியது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? இதற்குச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஓரளவு விடை தருகிறது. சுகாதாரப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் ஏற்படும் தொற்று நோய்கள் அதன் 'அ' பகுதியில் இடம்பெற்றுள்ளன. 'ஆ' பகுதி நோய்களுக்கு ஆறு மாதத் தொடர்பணி தேவை. 'அ' பகுதிக்கு அந்நிபந்தனை இல்லை. எனினும், ஊசி குத்திய அன்றே பதிவேட்டில் குறித்து, இரத்தப் பரிசோதனையும் செய்து வைத்திருந்தாலன்றி உரிமை கோருவது எளிதன்று. பல சிறிய மருத்துவமனைகளில் அத்தகைய பதிவேடே இருப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் (இ.எஸ்.ஐ.) இதனினும் உறுதியான பாதுகாப்பை அளித்தது. பணியின்போது இறந்த ஊழியரின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் மாதந்தோறும் கிடைக்கும். ஆனால் 2017 ஜனவரியில் விதிக்கப்பட்ட ஊதிய வரம்பு ரூ. 21,000 மட்டுமே. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மருத்துவ விடுதிகளும் இதன் வெளியே நிற்கின்றன.

இவ்வாறு வெளியே நிற்போரின் நிலைதான் கவலைக்குரியது. மாதம் ரூ. 25,000 பெறும் 30 வயது ஆய்வக ஊழியர் ஒருவர் தொற்று நோயால் இறப்பதாகக் கொள்வோம். 2020 ஜனவரி 3ஆம் நாள் அறிவிக்கையின்படி ரூ. 15,000 மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அதன் பாதியான ரூ. 7,500ஐ அவ்வயதுக்குரிய 207.98 என்னும் காரணியால் பெருக்கினால் ரூ. 15,59,850 வரும். பத்துப் படுக்கை விடுதியின் உரிமையாளருக்கு இது தாங்கவொண்ணாத சுமை. ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். பாலிசி எடுத்திருந்தால் மூலத் தொகையையும் வட்டியையும் ஈட்டுறுதி நிறுவனம் ஏற்கும். அபராதம் அதன் பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டமோ பாலிசி எடுப்பதைக் கட்டாயமாக்கவில்லை.

பிரீமியம் ஆண்டு மொத்த ஊதியத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. துப்புரவு, கழிவு அகற்றல் ஆகிய பணிகளை ஒப்பந்தக்காரரிடம் விடும் நிர்வாகம் அத்தொழிலாளரின் ஊதியத்தைக் காட்டாமல் விடுவதுண்டு. இது வீண் சிக்கனம். தன் தொழிலின் பகுதியான பணியை ஒப்பந்தத்தில் விட்டாலும் முதன்மை முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அதனை ஈடு செய்துகொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவ்விரு சட்டங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. நஷ்டஈடு பற்றிய விதிகள் அதன் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளன.

புனேயில் 2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் நோயாளிகள் கண்டறியப்பட்டு, மாநகராட்சியின் நாயுடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியிலேயே மத்திய அரசு சுமார் 22.12 லட்சம் சுகாதார ஊழியர்களுக்குத் தலா ரூ. 50 லட்சம் ஈட்டுறுதி அறிவித்தது. தனியார் மருத்துவரும் ஊழியரும் அரசால் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தாலே இதில் இடம்பெற்றனர். நவி மும்பையில் மருந்தகம் நடத்தி உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. தனியார் மருத்துவர்களின் சேவையை அரசு அன்று கோரிப் பெற்றதாகவே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் விளக்கியது. எனினும், கோவிட் தொடர்பான பணியில் இறந்தார் என்பதை நம்பத்தக்க சான்றுகளால் நிறுவும் பொறுப்பு உரிமை கோருபவரையே சாரும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.